துணியால் ஆன பாடநூல்

(அறக்கட்டளையின் மகளிர் தையற்பயிற்சி நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருத்தியை அழைத்துத் தையலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவில் என் மகள் இல்லத்தில் இருமுறை, முறைக்கு ஆறு திங்களாகத் தங்கியிருந்தேன். அவ்வூர் நூலகத்தில் வாரந்தோறும் கூடிய கில்ட் வகுப்பில் அமர்ந்து கற்றேன். இந்தச் செய்தி செயலாளர் காதுக்கு எட்டியதன் விளைவே இவ்வுரை. அடுத்த ஆண்டு இங்குள்ள வகுப்பில் கில்ட் போர்வையையும் பாடமாகச் சேர்க்கவிருப்பதாகவும், முதலில் எதைத் தைக்கச் சொல்வது என்பதில் இரண்டு கருத்துகள் நிலவுவதாகவும் அவர் சொன்னார். எளிய வடிவம் ஒன்றையே திரும்பத் திரும்பத் தைத்து ஒரு போர்வையை விரைவில் முடித்துவிடலாம், விற்கவும் செய்யலாம் என்பது ஒரு கருத்து. கட்டத்திற்குக் கட்டம் வேறு வடிவம் அமைந்த ‘சாம்ப்ளர்’ என்னும் மாதிரிப் போர்வையைத் தைக்கச் செய்யலாம் என்பது மற்றொரு கருத்து. நான் இரண்டாம் கருத்தின் பக்கம் நிற்பவள். காரணங்களைச் சொல்லுகிறேன், பிறகு முடிவு உங்களுடையது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே பல துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவே தகடாகப் பரப்பிய பஞ்சு, கீழே அடித்துணி. இம்மூன்றும் விலகாதபடி ஊடுருவிச் செல்லும் சிறு தையலுக்கே கில்டிங் என்று பெயர். பழைய பருத்திப் புடைவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலிட்டுக் குழந்தைக்கு விரிப்பாக்கித் தந்த பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தார்கள். அவர்கள் செய்ததும் இவ்வேலையின் ஒரு பகுதிதான். பெயர் சூட்டிக்கொள்ளாமல் செய்தார்கள், அவ்வளவே. முகத்துணி பெரும்பாலும் ஒரே அளவுள்ள சதுரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் பிளாக் எனப்படும் அச்சதுரத்தை நான் ‘கட்டம்’ என்றே சொல்லிச் செல்கிறேன்.

சாம்ப்ளர் என்ற சொல் போர்வைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே பூவேலைக்கு உரியதாக இருந்தது. மாதிரி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. அச்சிட்ட வடிவப் புத்தகங்கள் அரியனவாக இருந்த காலத்தில், ஐரோப்பியப் பெண்கள் தாம் கற்ற ஒவ்வொரு தையலையும் ஒரு நீண்ட துணியில் சிறிதளவு தைத்து வைத்துக்கொண்டார்கள். மறந்தபோது அத்துணியைப் பிரித்துப் பார்ப்பார்கள். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்த துணி ஒன்று உள்ளது. தைத்தவர் பெயரும் 1598 என்ற ஆண்டும் அதிலேயே தைக்கப்பட்டுள்ளன. ஆண்டு குறிக்கப்பட்ட ஆங்கிலேய மாதிரித் துணிகளுள் அதுவே பழமையானது. பிற்காலத்தில் சிறுமியர் பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் தைத்துப் பழகியது இதன் தொடர்ச்சியே.

நூல் என்னும் சொல் நம் மொழியில் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். நன்னூலார் அச்சொல்லுக்குக் காரணம் காட்டுமிடத்தில், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்தார். உருவகமாக அவர் சொன்னதை அந்தப் பெண்கள் உண்மையாகவே செய்துவிட்டார்கள். அவர்களுடைய இலக்கண நூல் இழையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒட்டுத்துணிப் போர்வையிலும் இவ்வழக்கம் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஒரு பெண் அண்டை வீட்டில் புதிய வடிவம் ஒன்றைக் கண்டால், ஒரே ஒரு கட்டத்தைத் தைத்துப் பெட்டியில் போட்டு வைப்பாள். அதுவே அவளுடைய குறிப்பேடு. அந்நூற்றாண்டின் இறுதியில் செயின்ட் லூயி நகரத்து லேடீஸ் ஆர்ட் நிறுவனம் வடிவங்களை அஞ்சல் வழி விற்கத் தொடங்கியது. கான்சஸ் சிட்டி ஸ்டார் என்னும் நாளிதழ் 1928 முதல் 1961 வரை வடிவங்களை வெளியிட்டு வந்தது. கத்தரித்து ஒட்டி வைத்தாலே போதும் என்ற நிலை வந்த பிறகும் கான்சஸ் மாநிலத்தில் கேரி ஹால் என்ற தையற்கலைஞர் ஒருவர், தமக்குத் தெரியவந்த வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் தைத்துவிடுவது என்று புறப்பட்டார். 800க்கும் மேற்பட்ட கட்டங்களைத் தைத்தார். ரோஸ் கிரெட்சிங்கருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1935இல் வெளிவந்தது. அக்கட்டங்கள் இன்று கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. படத்தைப் பார்ப்பதற்கும் தைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த அம்மையார் உணர்ந்திருக்க வேண்டும். படத்தில் எல்லா வடிவமும் எளிதாகத்தான் தோன்றும்.

1976இல் அமெரிக்கா தன் விடுதலையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது பழங்கைவேலைகளின்மீது நாட்டம் பெருகியது. ஊர்தோறும் முதியோர் கல்வி வகுப்புகளில் கில்ட் கற்பிக்கத் தொடங்கினார்கள். அவ்வகுப்புகளில் தொடக்கநிலையினர்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட பாடம் மாதிரிப் போர்வையே. பன்னிரண்டு அங்குலக் கட்டங்கள் பன்னிரண்டு. அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு. கட்டங்களுக்கு இடையிலும் சுற்றிலும் மூன்று அங்குலப் பட்டை. கணக்கிட்டுப் பாருங்கள்: அகலம் 48 அங்குலம், நீளம் 63 அங்குலம். குழந்தைக்குப் போர்வையாகவும், அமர்ந்திருக்கும் முதியவர் மடிக்குப் போர்த்தவும் போதுமான அளவு. நான் கற்ற வகுப்பிலும் இதே அளவுதான். இரு வாரத்திற்கு ஒரு கட்டம். ஆறு திங்களில் கட்டங்கள் முடிந்துவிடும்.

இனி வேலைக்குள் நுழைவோம். இங்கே வந்திருக்கும் சகோதரிகள் இரவிக்கையும் சுடிதாரும் தைக்கக் கற்றவர்கள். தையல் தெரிந்தவர்க்குக் கில்ட் எளிது என்று நீங்கள் எண்ணக்கூடும். இரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைக்கிறோம். உடம்பு பருத்தால் பிரித்துவிடலாம் என்பதற்காக ஓர் அங்குலம்கூட விடுகிறோம். உடம்பு வளையும், துணியும் சற்று இழுபடும், சிறு வேறுபாடு மறைந்துவிடும். கில்ட்டில் இந்த இரக்கம் கிடையாது. தையலுக்கு விடும் துணி எங்கும் கால் அங்குலம். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது.

ஏன் இத்தனைக் கண்டிப்பு? முதற்கட்டமாகப் பெரும்பாலும் தைக்கப்படும் ஒன்பது சதுரக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்டி, வரிசைக்கு மூன்றாக இணைக்கிறோம். கால் அங்குலத் தையலில் வரிசை பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டும். தைப்பவர் கை ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம், உள்ளே தள்ளித் தைக்கிறது என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலும் இருபுறத் துணியையும் விழுங்குவதால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் குறையும். இரண்டு தையலில் கால் அங்குலம் போயிற்று. வேறொரு கட்டத்தில் வரிசைக்கு ஆறு துண்டுகள் இருக்கும், தையல் ஐந்து, குறைவு அரையே அரைக்கால் அங்குலம். இவ்விரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்துத் தைக்க முற்படும்போதுதான் வீசத்தின் வலிமை தெரியும்.

எனவே எங்கள் வகுப்பில் முதல் நாள் கட்டம் எதையும் தைக்கவிடவில்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் இணைக்கச் சொன்னார்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும், மொத்தம் மூன்றரை அங்குலமும் வந்தால் தையல் சரி. வராவிட்டால் பொறியின் தகட்டில் ஒட்டிய நாடாவை மயிரிழை நகர்த்திவிட்டு மீண்டும் மூன்று பட்டை. ஒன்றரை மணி நேரம் இதே வேலை. சிலர் முகம் சுளித்தார்கள். பள்ளியில் முப்பதாண்டுகள் குற்றெழுத்தும் நெட்டெழுத்தும் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த ஆசிரியையை மிகவும் பிடித்துப்போயிற்று.

இஸ்திரியும் அங்கே வேறுவகை. பெட்டியைத் துணிமேல் தேய்த்து ஓட்டக் கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஓட்டினால் துணி இழுபட்டு வடிவம் கெடும். தையல் விளிம்பை இருபுறமும் விரிக்காமல் ஒரு புறமாகச் சாய்த்து அழுத்துவார்கள். ஒரு வரிசையில் இடப்புறம், அடுத்த வரிசையில் வலப்புறம். அப்போது இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் மடிப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். முனைகள் தாமாகப் பொருந்தும். இதை ஒன்பது சதுரக் கட்டமே கற்பித்துவிடுகிறது.

அடுத்து முக்கோணம். சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டினால் வெட்டிய விளிம்பு இழைக்குக் குறுக்கே அமைகிறது. கிராஸ் துணி எப்படி இழுபடும் என்பது இரவிக்கைக் கழுத்துப்பட்டி தைத்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அது நன்மை; இங்கே தொல்லை. முடிவில் நான்கு அங்குலம் வரவேண்டிய அரைச்சதுர முக்கோணத்திற்கு நாலே முக்காலே அரைக்கால் அங்குலச் சதுரம் வெட்டி இரண்டாக்க வேண்டும். அதே நான்கு அங்குலத்தில் கால்சதுர முக்கோணம் வேண்டுமானால் ஐந்தேகால் அங்குலச் சதுரம் வெட்டி நான்காக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே முக்கோணம்தான். முன்னதில் நெடும்பக்கம் குறுக்கிழை, பின்னதில் நெடும்பக்கம் நேரிழை. கட்டத்தின் வெளிவிளிம்பில் எப்போதும் நேரிழையே அமைய வேண்டும் என்பது விதி. அதற்கேற்ப இதுவா அதுவா என்று தேர்கிறோம். ஓஹையோ விண்மீன் என்னும் கட்டத்தைத் தைக்கும்போது இவ்விதி விளங்கிவிடும். விதியை முதலில் மனப்பாடம் செய்தவர்கள் அதை மறந்துபோனதையும், விண்மீன் தைத்தவர்கள் மறவாததையும் நான் பார்த்தேன்.

இங்கேதான் முதற்கருத்தினர் எழுப்பும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டும். ‘ஒரு வடிவத்தை நாற்பது முறை தைத்தால் கை பழகும், பன்னிரண்டு வடிவங்களை ஒவ்வொரு முறை தைத்தால் எதுவுமே பழகாதே’ என்கிறார்கள். இது வலுவான வினா. மாதிரிப் போர்வையின் உண்மையான குறைபாடும் இதுதான். கட்டங்களை அழகு கருதி மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்த வினா வென்றுவிடும். படிமுறை கருதித் தேர்ந்தெடுத்தால் வெல்லாது. ஏனெனில் ஓஹையோ விண்மீனுக்குள் ஒன்பது சதுரக் கட்டம் அடங்கியிருக்கிறது; மூன்றுக்கு மூன்று என்ற அதே அமைப்பு, அதே கால் அங்குலம், அதே எதிரெதிர் மடிப்பு. அதன்மேல் முக்கோணம் ஒன்றே புதிது. அடுத்த கட்டத்தில் விண்மீனின் முக்கோணம் மீண்டும் வரும், அதனோடு வேறொன்று சேரும். எழுத்ததிகாரம் முடித்துச் சொல்லதிகாரம் தொடங்குகிறவர் எழுத்தை விட்டுவிடுகிறாரா? ஒவ்வொரு சொல்லிலும் எழுத்தைப் பயின்றுகொண்டேயிருக்கிறார். ஒரே வடிவத்தை நாற்பது முறை தைத்தவருக்குக் கை பழகும் என்பதை நான் மறுக்கவில்லை. நாற்பத்தொன்றாவது வேறு வடிவமானால் அவர் மீண்டும் தொடக்கத்தில் நிற்பார்.

‘மரக்குடில்’ எனப்படும் லாக் கேபின் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அகல்கிறேன். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றிப் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது. இருபுறம் வெளிர்நிறம், இருபுறம் அடர்நிறம். பட்டைகளை முன்பே அளந்து வெட்டாமல் தைத்தபின் மிச்சத்தை வெட்டுகிறவர்களின் கட்டம் மெல்ல முறுக்கிக்கொள்ளும். அளந்து வெட்டினால் நேராக நிற்கும். அது கற்பிப்பது அவ்வளவே.

எட்டு முனை விண்மீன் அப்படிப்பட்டதன்று. லெமாய்ன் விண்மீன் என்று அதற்குப் பெயர். நாற்பத்தைந்து பாகைக் கோணமுள்ள எட்டுச் சாய்சதுரங்கள் நடுவில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. எட்டு நாற்பத்தைந்து முந்நூற்றறுபது. கணக்கு பிசகாது, கைதான் பிசகும். ஒவ்வொன்றும் சிறிது குறைந்தால் நடுவில் கூடாரம் எழும்பும். சிறிது மிகுந்தால் விளிம்பு அலையலையாக ஆடும். முனைகளுக்கிடையே சதுரத்தையும் முக்கோணத்தையும் பொருத்த வேண்டியிருப்பதால், தையலை விளிம்புவரை கொண்டுசெல்லாமல் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, ஊசியை இறக்கித் துணியைத் திருப்பி, அடுத்த பக்கம் தைக்க வேண்டும். இதுவரை கற்ற எல்லாமே ‘விளிம்பிலிருந்து விளிம்புவரை’ என்பதாயிருக்க, இங்கே முதன்முறையாக நிறுத்தக் கற்கிறோம். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இக்கட்டத்தில்தான் வாடினார்கள்.

அவ்வகுப்பில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். விண்மீனின் நடுப்புள்ளி பொருந்தவில்லை என்று நான்காம் முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை வந்து பிரிக்கும் ஊசியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். அவருடைய விதி இது: ஒரு தையலை இருமுறை பிரிக்கலாம்; மூன்றாம் முறை பிரிக்கக் கூடாது, அடுத்த கட்டத்திற்குப் போய்விட வேண்டும். திரும்பத் திரும்பப் பிரித்தால் விளிம்பு இழைகள் கலைந்து துணி நைந்துவிடும் என்பது வெளிப்படையான காரணம். மற்றொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதுமில்லை. அந்த அம்மையார் அரைமனத்தோடு அடுத்த கட்டத்திற்குப் போனார். இரண்டு திங்கள் கழித்து அதே விண்மீனை, தலையணை உறைக்காக, எவரும் கேட்காமலே மீண்டும் தைத்துக் கொண்டுவந்தார். நடுப்புள்ளி கூடியிருந்தது. பழைய கட்டத்தை மாற்றிவிட்டுப் புதியதைப் போர்வையில் வைத்துக்கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னோம். அவர் இசையவில்லை.

அமெரிக்காவில் ஒரு கதை உலவுகிறது. இறைவன் ஒருவனே முழுமையானவன் ஆதலால் அக்காலப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழையைத் தைத்து வைத்தார்கள் என்பார்கள். போர்வை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்குச் சான்றில்லை என்கின்றனர். எனக்கும் நம்பத் தோன்றவில்லை. பிழையைத் தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டிய நிலை எந்தத் தையற்காரிக்கும் வந்ததாக நான் காணவில்லை.

நேர்தையல் முடிந்தால் வளைதையல். ‘குடிகாரன் பாதை’ என்று ஒரு வடிவம். பெயர் நம் மன்றத்திற்கு ஏற்றதன்று, வடிவமோ அழகானது. குழிந்த துண்டும் குவிந்த துண்டும் எதிரெதிராக வளைந்து நிற்க, நடுவில் ஒரு குண்டூசி, இருமுனையிலும் ஒவ்வொன்று, பிறகு மெதுவாக இணைப்பது. இரவிக்கையில் கைப்பகுதியைத் தோளோடு பொருத்தப் பழகியவர்கள் இதில் அமெரிக்கப் பெண்களைவிட விரைந்து தேறுவார்கள் என்பது என் கணிப்பு. அதன்பின் கைத்தையல். அறுகோணத் துண்டுகளைத் தாளின்மேல் மடித்துத் தைத்து இணைக்கும் முறை இங்கிலாந்தில் வேரூன்றியது. 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று அங்கே பாதுகாக்கப்படுகிறது. வெவ்வேறு கட்டங்களால் ஆனது அது; தைக்கும்போது உள்ளே வைத்த தாள்கள் இன்றும் உள்ளேயே இருக்கின்றன. அடுத்தது அப்ளிக், ஒரு துணிமேல் மற்றொரு துணியைப் பூவாகவும் இலையாகவும் வெட்டி வைத்து, விளிம்பை ஊசி முனையால் உள்ளே மடித்துக்கொண்டே தைப்பது. 1840களிலும் 1850களின் தொடக்கத்திலும் பால்டிமோர் நகரத்துப் பெண்கள் செய்த ஆல்பம் போர்வைகள் இவ்வேலையின் உச்சம். ஒவ்வொரு கட்டமும் வேறு; பலவற்றில் கட்டத்திற்குக் கட்டம் வேறுவேறு பெயர்கள் கையொப்பமாக உள்ளன.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் வெளியிட்ட வட்டக்கத்தியும், ஊடுருவிப் பார்க்கத்தக்க அளவுகோலும் வந்தபின் வெட்டும் வேலை பலமடங்கு விரைவாகிவிட்டது. வாங்க இயன்றால் வகுப்புக்கு இரண்டு வாங்குங்கள். இயலாவிட்டால் அட்டையில் வெட்டிய மாதிரியும், கூரிய பென்சிலும், நல்ல கத்தரிக்கோலும் போதும். முன்கூட்டியே வெட்டிப் பொதியாக விற்கும் துண்டுகளை மட்டும் முதலாண்டில் வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வெட்டுவதில்தான் பாதிக் கல்வி இருக்கிறது. துணி பருத்தியாக, ஏறக்குறைய ஒரே கனமுடையதாக இருக்கட்டும். சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பன்னிரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து ஐந்தாறு துணிகளை முதல் நாளே முடிவுசெய்துவிட்டால், வடிவங்கள் எத்துணை வேறுபட்டாலும் போர்வை ஒரு குடும்பமாகத் தோன்றும். இல்லையேல் சந்தைக்கூட்டம்போல் ஆகிவிடும். மாதிரிப் போர்வையின் இரண்டாவது குறை இதுதான்.

மூன்றாவது குறை அளவு. பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டிய கட்டங்கள் பன்னிரண்டேகாலும் பன்னிரண்டே முக்காலுமாக வந்து நிற்கும். இழுத்துப் பிடித்துத் தைக்கலாகாது. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி ஒரு பட்டையைச் சற்று அகலமாகவே தைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டிவிட்டால் பட்டைகள் அவ்வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். வெளிக்கரையைத் தைக்கும்போது போர்வையின் விளிம்பை அளக்காமல் நடுப்பகுதியை அளந்து அந்த நீளத்திற்குக் கரையை வெட்ட வேண்டும். விளிம்பு இழுபட்டிருக்கும், நடுப்பகுதி பொய் சொல்லாது.

நான்காவது குறை எல்லாவற்றினும் பெரிது. கட்டங்கள் முடியும், போர்வை முடியாது. பன்னிரண்டையும் பெட்டியில் வைத்துவிட்டு ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். மூன்று அடுக்கையும் விரித்துப் பிடித்துத் தைக்கப் பெரிய மேசையோ தரையோ வேண்டும்; முதுகும் வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. வட கரோலினாவைச் சேர்ந்த ஜார்ஜியா போன்ஸ்டீல் என்பவர் பொதுத் தொலைக்காட்சி வழியாகப் பரப்பிய மடித்தையல் முறை அது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்கு மட்டும் பஞ்சும் அடித்துணியும் வைத்து, மடியிலேயே தைத்து முடித்துவிட்டு, இறுதியில் கட்டங்களை இணைப்பது. பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் தைக்கலாம். இங்குள்ள சகோதரிகளுள் எத்தனை பேர் வீட்டில் 63 அங்குலத் துணியை விரித்துப்போட இடமிருக்கும்? ஆகவே இம்முறையையே பரிந்துரைக்கிறேன். நம் தட்பவெப்பத்திற்குப் பஞ்சு மெல்லியதாக இருந்தாலே போதும். மெல்லிய பஞ்சில் தையலும் எளிது.

விற்பனையைப் பற்றியும் கேட்டீர்கள். முதற்போர்வை விற்பதற்குரியதன்று. இரண்டாவதை விற்கலாம், மூன்றாவதை நல்ல விலைக்கே விற்கலாம். முதலாவது வீட்டில் இருக்கட்டும். வாங்க வருபவர் ‘இந்த வடிவத்தில் தருவீர்களா’ என்று கேட்கும்போது விரித்துக் காட்டுவதற்கு அதுவே பட்டியல்.

வெர்மான்ட் மாநிலத்து ஷாஃப்ட்ஸ்பரி என்னும் ஊரில் ஜேன் ஸ்டிக்கிள் என்றொரு பெண் வாழ்ந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863ஆம் ஆண்டில் அவர் ஒரு போர்வையை முடித்தார். பதின்மூன்றுக்குப் பதின்மூன்றாக 169 கட்டங்கள். சுற்றிலும் 52 முக்கோணங்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு. கட்டம் ஐந்து அங்குலத்திற்கும் குறைவான அளவு. அதற்குள் நம் விண்மீனும் உண்டு, வளைவும் உண்டு, அப்ளிக்கும் உண்டு. இன்று அது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒளிபட்டால் சாயம் மங்கும் என்பதால் ஆண்டில் சில வாரங்களே மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். பிரெண்டா பபடாக்கிஸ் என்ற ஆசிரியை அதன் கட்டங்கள் ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து 1996இல் நூலாக வெளியிட்டபின், பல நாட்டுப் பெண்கள் அதைப் பார்த்துத் தைத்து வருகிறார்கள். ஜேன் ஸ்டிக்கிளைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அவர் பெயரை நாம் அறிந்திருப்பதற்கே காரணம், போர்வையின் ஒரு மூலையில் அவரே அதைத் தைத்து வைத்ததுதான். போர்க்காலம் என்பதையும், ஆண்டையும், தம் பெயரையும் தைத்தார். துண்டுகளை எண்ணி அந்தத் தொகையையும் தைத்தார்: 5602.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். போர்வை முடிந்ததும் பின்புறத்தில் கையகலத் துணி ஒன்றை வைத்துத் தைத்து, அதில் உங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள். மையால் எழுத வேண்டாம், துவைத்தால் போய்விடும். கணவர் பெயரையோ மாமனார் பெயரையோ முதலில் எழுதிவிட்டுத் தம் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் இங்கே வேண்டாம். துண்டுகளை எண்ண விரும்பினால் எண்ணுங்கள். பன்னிரண்டு கட்டத்திற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த ஆண்டு இந்நாளில் அவற்றை இம்மேடையில் விரித்து வைத்து என்னை அழைப்பீர்களானால், முகத்துணியைப் பார்ப்பதற்கு முன் பின்புறத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன்.